ராஜாவின் முறை

நார்த்மீட்,
சிட்னி, 2 பெப்ரவரி 2025, ஞாயிறு

அன்பின் எமில் தம்பிக்கு,

முதலில் யார் யார் இருந்தார்கள் என்பதை எழுதிவிடுகிறேன். பிறகு ஆளுக்கொரு கதை வரக்கூடாது. இன்று பூசையால் வந்தபின் எங்கள் முன்னறையில் இருந்தவர்கள்: நான், உங்கள் அண்ணன், மகள் டில்ஷா, தமிழ்ச் சங்கச் செயலாளர் விக்னராஜா, அவர் மனைவி தாட்சாயினி. ஐந்து பேர். மேசையில் வைத்திருந்த போனுக்குள் ஆறாவதாக ஒரு பெண்பிள்ளை, பெயர் கிளேர், உங்கள் மெல்பேணில் இருந்துதான் பேசினாள். வேறு ஒருவரும் இல்லை.

நீங்கள் சுகமாய் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நாங்கள் எழும்பி நடமாடுகிறோம், அதுவே போதும். போனில் கதைத்தால் உங்களுக்குக் காது பிடிபடாது. இவருக்கோ எந்தச் சுவருக்குப் பின்னால் கதைத்தாலும் கேட்கும். ஆகவே கடிதம்.

விஷயம் இது. இங்கிலாந்தில், கொவென்றியில் இவர் ட்ரொம்போன் ஊதிய ‘லேட் ஷிஃப்ட்’ பாண்ட் நாற்பத்தாறு வருடத்துக்குப் பிறகு திரும்பச் சேர்ந்திருக்கிறதாம். ஓகஸ்ட் கடைசியில் மெல்பேணிலும் சிட்னியிலும் கச்சேரி. அந்த பாண்ட் எப்படித் தொடங்கியது என்று ஒரு புத்தகமும் வருகிறதாம். தொடக்கத்தில் தங்களோடு ஊதிய ‘ராஜா’ சிட்னியில் ஒரு பாட்டுக்காவது மேடைக்கு வரவேண்டும் என்று, கச்சேரியை ஒழுங்கு செய்கிற அந்த கிளேர் கேட்டாள்.

விக்னராஜா கதிரையை விட்டு எழும்பியே விட்டார். “அண்ணை, பொன்னாடை ஒண்டு, பஸ் ஒண்டு. மிச்சத்தை நான் பாக்கிறன்!”

இவர் என்ன சொன்னார் தெரியுமா? “அது நானில்லை. ஆளை மாறிக் கேக்கிறியள்.” சொல்லிவிட்டு ஒட்சிசன் குழாயையும் இழுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

எங்கள் கலியாண நாள் தொடக்கம் இந்தக் கதையைக் கேட்டு வருகிறேன். ஞானஸ்நானம், முதல்நன்மை, கலியாணம், ஒரு வீடு மிச்சமில்லை, எல்லா இடத்திலும் ‘நான் கொவென்றியில் ஊதேக்குள்ளை’ என்பார். இன்றைக்கு, கேட்க ஆள் வந்தபோது, இல்லை என்கிறார். பொய்யைச் சுமந்துகொண்டா இவ்வளவு காலமும் நற்கருணை வாங்கினார் என்று யோசிக்கிறேன். நீங்கள் அவரோடு ஒரே அறையில் இருந்தவர். ஓம் அல்லது இல்லை, ஒரு சொல் எழுதுங்கள்.

மச்சாள்
பிலோமினம்மா


கிளேட்டன்,
மெல்பேண், 9 மார்ச் 2025

அன்பு மச்சாளுக்கு,

கடிதம் கிடைத்தது. நோன்பு காலம் தொடங்கிவிட்டது. உங்கள் இருவருக்கும் ஆண்டவர் சுகம் தரட்டும். எனக்குப் பிழையில்லை. காது மட்டும் இன்னும் இறங்கிவிட்டது, வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது. மகள் கிழமைக்கு ஒருக்கால் வந்து சாப்பாட்டை ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டுப் போகிறாள்.

ஓம். அண்ணர் ஊதினவர்.

பதில் சுணங்கியதற்குக் காரணம் ஒன்றும் இல்லை.

எமில்


நார்த்மீட்,
16 மார்ச் 2025

அன்பின் தம்பிக்கு,

உங்கள் ஒரு சொல்லுக்கு நன்றி. அது வர ஐந்து கிழமை எடுத்தது. வலக்காதுக்காக இன்று ஒரு மெழுகுதிரி கூடக் கொளுத்தினேன்.

இவருக்கு சுவாசப்பை தடித்து இறுகும் வருத்தம் என்பது உங்களுக்குத் தெரியும். ஒட்சிசன் மெஷின் ஓயாமல் இரைகிறது. குழாய் குசினியில் இருந்து வாசல்வரை எட்டும், கேற்றுக்கு எட்டாது. அவருடைய உலகம் இப்போது அவ்வளவுதான். நான் அதற்குள்ளேதான் சுற்றுகிறேன், எனக்குக் குழாய் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். சிரித்தார். சிரித்ததில் இருமல் பிடித்து, அடங்கக் கனநேரம் எடுத்தது. பிறகு, “அவன் பாதியைத்தான் எழுதியிருக்கிறான்” என்றார்.

“மற்றப் பாதியை நீங்கள் சொல்லுங்கோவன்” என்றேன்.

சொன்னார். கார் ஃபக்டறியில் வேலை கிடைத்தது இவர் ஒருவருக்குத்தான் என்றும், ஒரு நாள் இவரும் மறுநாள் நீங்களுமாக ஒரே வரவுக் கார்ட்டை அடித்து வேலை செய்தீர்கள் என்றும் சொன்னார். ஃபோர்மனுக்கு இரண்டு பேரும் ஒரு முகமாம், ஒரு பெயராம், ராஜா. வேலையில்லாத இரவுக்காரர், குளிருக்கென்று இருவருக்கும் பொதுவாயிருந்த கோட்டைப் போட்டுக்கொண்டு பாண்டுக்குப் போவது. வேலைக்குப் போகிறவருக்குக் கோட்டு தேவையில்லை, ஃபக்டறி தெரு முடிவில்தானே. பாண்டிலும் ஒரு ராஜாதான்.

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். “அப்ப இரண்டு பேரும் ஒரு ஆளோ?”

“ஒரு கோட்டு” என்றார்.

புத்தகத்துக்காக அவர்கள் எழுதியதில் ஒரு பக்கத்தை டில்ஷா கிளேரிடமிருந்து எடுத்து வாசித்தாள். ‘ராஜா விளங்காத மனிதர். சில இரவுகளில் சிலையாக நின்று ஊதுவார். சில இரவுகளில் மேசைமேல் ஏறி ஊதுவார்’ என்று எழுதியிருக்கிறார்கள். சிலை யார் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை, அந்தச் சிலைக்கு நாற்பத்து மூன்று வருடமாய் சமைக்கிறேன். மேசைமேல் ஏறினவர் நீங்கள்தானே?

எனக்குக் கோபம், தம்பி. கலியாண வீடுகளில் அவர் சொன்ன கதையில் நீங்கள் ஒரு நாளும் இருக்கவில்லை. சகோதரங்கள் வருடத்துக்கு ஒரு நத்தார் கார்ட் போடுவதோடு நின்றது ஏன் என்று நான் கேட்டதுமில்லை. இப்போது கேட்கிறேன்.

மச்சாள்
பிலோமினம்மா


கிளேட்டன்,
30 ஏப்ரல் 2025

அன்பு மச்சாளுக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்து, பிந்தித்தான். அண்ணரின் இருமல் எப்படி என்று எழுதுங்கள்.

நீங்கள் கணக்கு வைக்கிற ஆள். பாதியில் விட்டால் விடமாட்டீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பேசாலைக் கோயில் பாண்டில் நாங்கள் இரண்டு பேரும் பின்வரிசை. ராகம் முன்வரிசைக்காரருக்கு. சுற்றுப்பிரகாரத்தில் பெரிய மேளம் ‘உம்’ என்று அடிக்க, நாங்கள் ‘பா’ என்று ஊதவேண்டும். உம்-பா, உம்-பா, கோயிலைச் சுற்றி முடியும்வரை அவ்வளவுதான். மேளம் பின்னால் வரும், மழையும் சனமும் சத்தமும், ஒன்றும் சரியாகக் கேட்காது. மாஸ்டர் சொல்லித் தந்தது, முன்னுக்குப் போகிறவனின் குதிக்காலைப் பார். கால் நிலத்தில் படும்போது ஊதாதே. எழும்பும்போது ஊது.

கொவென்றியில் ஒரு சனி இரவு, ஃபக்டறிக்குப் பக்கத்து பப்பில் வெள்ளைப் பொடியன்களும் ஜமெய்க்காப் பொடியன்களும் சேர்ந்து பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஸ்கா என்று அவர்களின் தகப்பன்மார் காலத்து ஆட்டப் பாட்டு. அதை இரண்டு மடங்கு வேகத்தில் திரும்ப வாசித்தார்கள். கித்தாரும் ஓகன் பெட்டியும் எல்லாம் அந்த எழும்புகிற காலில்தான் விழுந்தது. ஊதுகிற பொடியன் மட்டும் ஒவ்வொரு தரமும் நிலத்தில் படுகிற காலில் விழுந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. வாங்கி ஊதினேன். ஓகன் வாசித்த கொலின் நிறுத்திவிட்டுக் கேட்டான், ‘இதை எங்கே படித்தாய்?’ கோயிலில் என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள்.

அடுத்த இரவு என் வேலை. அண்ணர் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். ஒருவரும் வித்தியாசம் கேட்கவில்லை. கொலின் மட்டும் சில நாட்களுக்குப் பிறகு அண்ணரின் காதுக்குள், ‘இன்றைக்கு மற்ற ராஜாவோ?’ என்றானாம். ஃபக்டறியில் வேலை செய்த பொடியன்கள் பின்னேர ஷிஃப்ட் முடிந்து வரும்வரை காத்திருந்துதான் தொடங்குவோம். ‘லேட் ஷிஃப்ட்’ என்ற பெயரும் அதனால்தான் வந்தது. புத்தகத்தில் அது இருக்கிறதோ தெரியாது.

பிறகு லண்டனில் இசைத்தட்டுப் பதிவு என்று வந்தது. ஒரு செவ்வாய், பகலில். அன்று அண்ணருக்கு வேலை, எனக்கு லீவு. ஆகவே என் முறை. விடிய எழும்பினால் அண்ணர் அந்தக் கோட்டைத் தலைவரை போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். “எனக்குக் காய்ச்சல். நீ வேலைக்குப் போ” என்றார். கார்ட் அடிக்காவிட்டால் இரண்டு பேருக்கும் வேலை இல்லை.

நான் வேலைக்குப் போனேன். நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை.

அந்தத் தட்டில் ஊதினது லண்டன்காரன் ஒருவன். அடுத்த வருடம் அண்ணர் ஊருக்குப் போனார், கோட்டும் அவரோடு போனது. குழலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதன் ஊதுவாய், மவுத்பீஸ் மட்டும் என்னிடம்.

இதற்குமேல் எழுத இல்லை.

எமில்


நார்த்மீட்,
11 மே 2025

அன்பின் தம்பிக்கு,

சுகமாய் இருக்கிறீர்களா? கிளேட்டனில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். இவருடைய இருமலைக் கேட்டிருந்தீர்கள். அது அப்படியே.

உங்கள் கடிதத்தை நான் மூன்றுதரம் வாசித்தேன். அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. இந்த வீட்டில் முதல்தரம் ஒன்றை ஒளித்திருக்கிறேன், செபப்புத்தகத்துக்குள்.

டில்ஷாவிடம் அந்தத் தட்டைப் போனில் போடச் சொன்னேன். முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. பிசாசு துரத்துகிற மாதிரி ஓட்டம். பிறகு வெங்காயம் உரித்துக்கொண்டு, குதிக்காலை நினைத்துக்கொண்டு கேட்டேன். ஓம் தம்பி, எல்லாம் எழும்புகிற காலில்தான் விழுகிறது. அந்த லண்டன்காரனும் பிழைவிடவில்லை. ஆனால் அவன் எண்ணி ஊதுகிறான். சுற்றுப்பிரகாரம் போனவன் ஊதின மாதிரி இல்லை. நான் பாட்டுத் தெரியாதவள், பிழையென்றால் மன்னியுங்கள்.

நான் கேட்டுக்கொண்டிருந்ததை இவரும் அறைக்குள் இருந்து கேட்டிருக்கிறார். போய்ப் பார்த்தால் கட்டில் விளிம்பில் இருக்கிறார், வலது குதிக்கால் எழும்பி எழும்பி விழுகிறது. என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்.

கிளேர் திரும்பப் போன் எடுத்தாள். அப்போதுதான் கேட்டேன், “எங்கட நம்பர் உங்களுக்கு எப்பிடிக் கிடைச்சது பிள்ளை?” அவள் சொன்னாள்: முதலில் மெல்பேணில் எமில் என்றொருவரைத்தான் கண்டுபிடித்தோம், அவர், ‘நான் ராஜா இல்லை, ராஜா சிட்னியில் இருக்கிறார்’ என்று இந்த நம்பரைத் தந்தார்.

இவர் அது தானில்லை என்கிறார். நீங்கள் அது நீங்களில்லை என்கிறீர்கள். இரண்டு பேரும் மாறி மாறி ஒருவரிடம் ஒருவர் தள்ளிவிட்டால் நான் எந்த ராஜாவை மேடைக்கு அனுப்புவது? கொலினிடம் கேட்டாளாம். ‘எந்த ராஜா என்றாலும் சரி, ஒருவராவது வரட்டும்’ என்றாராம்.

நீங்கள் இங்கே வாருங்கள். உங்கள் அண்ணனை ஒருக்கால் பாருங்கள். கச்சேரியை விடுங்கள், அதைப் பிறகு யோசிப்போம்.

மச்சாள்
பிலோமினம்மா


நார்த்மீட்,
22 ஜூன் 2025

அன்பின் தம்பிக்கு,

பதில் இல்லை. வருத்தமாய் இருக்கிறீர்களோ என்று மகளுக்கு எடுத்தேன், “அப்பா நல்லா இருக்கிறார் அன்ரி” என்றாள். நல்லது, கர்த்தருக்குத் தோத்திரம்.

அந்தோனியார் திருநாளுக்கு இந்த முறை போகக் கிடைக்கவில்லை. இவரை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கிறார்கள். சோதனைதான், யோசிக்க ஒன்றுமில்லை. பரமட்டாவில் பஸ் மாறிப் போய்ப் பின்னேரம் திரும்பி வருகிறேன். வீட்டில் மெஷின் நிற்கிறது. இரைச்சல் இல்லாத வீட்டில் எனக்கு நித்திரை வருகுதில்லை, அதிசயம்தான்.

விக்னராஜா பஸ்ஸை வேறு விழாவுக்கு மாற்றிவிட்டார். பொன்னாடை எங்கள் அலுமாரியில் கிடக்கிறது.

கை அலுத்துப்போகிறது. இவ்வளவோடு நிறுத்துகிறேன்.

மச்சாள்
பிலோமினம்மா


கிளேட்டன்,
6 ஜூலை 2025

அன்பு மச்சாளுக்கு,

நீங்கள் ‘யோசிக்க ஒன்றுமில்லை’ என்று எழுதினால் யோசிக்க இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆண்டவர் உங்களுக்குப் பெலன் தரட்டும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

நான் வந்து என்ன செய்ய? அண்ணர் கதைத்தால் எனக்குக் கேளாது. நான் கத்தினால் வார்ட்டில் மற்றவர்களுக்கு இடைஞ்சல். மேடையைப் பற்றிப் பேசவே தேவையில்லை. மேளம் எங்கே விழுகிறது என்று தெரியாத கிழவனை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்? கிளேரிடம் நான் சொன்னது பொய்யில்லை. கலியாண வீடுகளில் அதைச் சொல்லித் திரிந்தவர் அவர். சொல்லாதவனுக்கு அது சொந்தமில்லை.

ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை அவருக்கு உண்மையில் காய்ச்சல்தானோ? அவர் என்ன சொன்னாலும் அப்படியே எழுதுங்கள், மாற்ற வேண்டாம். ஓம் என்றால் நான் இவ்வளவு காலமும் பிழையாக நினைத்திருக்கிறேன். இல்லையென்றாலும் எனக்குத் தெரிந்துவிடும். இரண்டில் எதென்றாலும் எனக்கு ஆறுதல்தான்.

எமில்


நார்த்மீட்,
20 ஜூலை 2025

அன்பின் எமில் தம்பிக்கு,

நான் சாப்பிடுகிறேன். நீங்கள் எழுதியது சரி, நான் எழுதியது சரியில்லை. அவருக்கு நல்லாய் ஏலாது. கச்சேரி நாள், ஓகஸ்ட் முப்பதாம் திகதி, வீட்டில் இருப்பாரோ என்று டொக்டரிடம் கேட்டேன். “அவ்வளவு தூரம் யோசிக்க வேண்டாம், அம்மா” என்றார். நல்ல மனிசன், என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

நீங்கள் கேட்டதை நேற்றுக் கேட்டேன். கட்டிலடியில் இருந்தவர்கள் நானும் டில்ஷாவும் மட்டும். உங்கள் ஏப்ரல் கடிதத்தைச் செபப்புத்தகத்துக்குள் இருந்து எடுத்து முழுவதும் வாசித்தேன், ஜூலைக் கடிதத்தையும் வாசித்தேன். நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை என்ற இடத்தில் கண்ணை மூடினார். நித்திரையாக்கும் என்று நினைத்தோம்.

பிறகு கண்ணைத் திறந்து, “கச்சேரி என்ன கிழமை?” என்றார்.

“சனிக்கிழமை. பின்னேரம்.”

ஆஸ்பத்திரிப் பட்டி கட்டின கையைத் தூக்கிக் காட்டினார். “எனக்கு டியூட்டி.”

டில்ஷாவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

“அவனுக்கு லீவு” என்றார். “லீவில நிக்கிறவன்தானே போறது.”

“தம்பிக்குக் காது கேளாதாமப்பா” என்றேன்.

சிரிக்கப் பார்த்தார், மூச்சு இடந்தரவில்லை. விட்டு விட்டுத்தான் சொன்னார்: “எங்களுக்கு எப்ப கேட்டது? குதிக்காலைப் பாத்துத்தானே ஊதினனாங்கள். கொலினுக்குக் கால் இருக்குதானே.”

காய்ச்சலைப் பற்றித் திரும்பக் கேட்டேன். நீங்கள் அப்படியே எழுதச் சொன்னீர்கள், அப்படியே எழுதுகிறேன். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, “அண்டைக்கும் அவன்ர முறைதான்” என்றார்.

அவ்வளவுதான், தம்பி. இனிக் கேட்கவும் எனக்கு மனமில்லை.

இன்று பூசைக்குப் பிறகு பெட்டியைத் திறந்து கோட்டை எடுத்தேன். நாற்பத்து மூன்று வருடமாய் நாப்தலின் போட்டு வைத்திருக்கிறேன், ஒரு குளிருக்கும் அவர் இதைப் போட்டதில்லை. சிட்னியில் இவ்வளவு தடிப்புத் தேவையில்லை என்பார். நானும் அதுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். உள்ளே ஒரு பக்கம் லைனிங் கிழிந்திருந்தது, தைத்துவிட்டேன். பின்னால் கொடியில் காற்றாடுகிறது.

கிளேருக்கு, ராஜா வருகிறார் என்று சொல்லிவிட்டேன். எந்த ராஜா என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குழல் அவர்கள் தருவார்களாம். மவுத்பீஸை நீங்கள் கொண்டு வாருங்கள். ஆனால் முப்பதாம் திகதிவரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வருகிற கிழமையே வாருங்கள். முன் அறை தயார். வார்ட்டில் நீங்கள் கத்தினாலும் பரவாயில்லை, நான் நேர்ஸ்மாரிடம் சொல்லி வைக்கிறேன்.

ஒன்றுதான் எனக்குத் தெரியவேண்டும். அவருடைய சட்டைக் கையோடு வைத்துப் பார்த்தேன், கோட்டின் கை நீளம். உங்களுக்கு மணிக்கட்டுவரை வருமோ, உள்ளே மடித்துத் தைக்கவேண்டுமோ? கையை அளந்து கெதியாய் பதில் போடுங்கள்.

மச்சாள்
பிலோமினம்மா